காகிதத்துக்குத்தான் முதலில் காய்ந்த காற்று

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாரி மழையோடு எங்கள் வீட்டு உள்ளறை அலுமாரியைத் திறந்தபோது ஒரு மணம் அடித்தது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த மணத்தை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவரோடு சேர்த்துத்தான் அலுமாரி வைத்திருந்தோம். உள்ளே உம்மம்மாவின் அரபுத் தமிழ்க் கிதாபு. கல்லச்சில் அடித்தது. அட்டை முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம். முதல் 8 தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

உம்மம்மா இருந்த காலத்தில் அந்தக் கிதாபு அடுப்புக்கு மேலே பரணில்தான் இருந்தது. புகையும் சூடும் பட்டுக்கொண்டே இருக்கும். ஈரம் அண்டாது. நாங்கள் காஸ் அடுப்புக்கு மாறினோம், கிதாபை "பத்திரமாக" அலுமாரிக்கு மாற்றினோம். பத்திரம் என்று நினைத்ததுதான் பிழை.

கடன்பட்டு ஒரு டிஹியூமிடிஃபயர் வாங்கினேன். தமிழில் ஈரநீக்கி என்று சொல்லலாம். முதல் நாள் விடியும்போது அதன் வாளியில் இரண்டு லீற்றருக்கு மேல் தண்ணீர். இவ்வளவும் நாங்கள் சுவாசித்த காற்றிலா இருந்தது என்று உம்மா கேட்டார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? இதை யார், எதற்காக முதலில் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் ஈரத்தை அளக்கத் தெரிய வேண்டும் அல்லவா? 15 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த குசாவின் நிக்கலஸ் என்பவர், தராசின் ஒரு தட்டில் கம்பளியை வைத்தால் காற்று ஈரமாகும்போது அது பாரம் கூடும் என்று எழுதினார். 1783 இல் ஜெனீவாவின் சொசூர் மனிதத் தலைமுடியை வைத்து ஈரமானி செய்து, அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். முழு வித்தியாசமும் இரண்டரை வீதம் அளவுதான். ஆனாலும் ஒரு முள்ளை நகர்த்த அது போதும்.

அளந்த பிறகும் நூறு வருடத்துக்கு மேலாக ஈரத்தைச் சமாளிக்கப் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் நாடினார்கள். சூடாக்குவது. நம் நாட்டுத் தேயிலையும் அப்படித்தான். கொழுந்தை மாடியில் பரப்பி வாட்டுவார்கள், பிறகு சூடான காற்றில் உலர்த்துவார்கள். இந்தியாவின் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த சாமுவேல் டேவிட்சன், பிறகு பெல்ஃபாஸ்டில் 1881 இல் தொழிற்சாலை தொடங்கித் தேயிலை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் "சிரொக்கோ". சஹாராவிலிருந்து வீசும் சூடான காற்றின் பெயர் அது. கிழக்கு என்று பொருள்படும் "ஷர்க்" என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பார்கள்.

ஆனால் சூடாக்கினால் காற்றிலுள்ள நீர் போய்விடாது. காற்றின் கொள்ளளவுதான் கூடும். சாரீரப்பதன் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். 20 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் 30 கிராம். நீரையே வெளியே எடுக்க ஒரு வழி, காற்றைப் பனிபடுநிலைக்குக் கீழே குளிராக்குவது. ஐஸ் தண்ணீர்க் கோப்பையின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல.

அதை இயந்திரமாக்கியது 1902 இல். நியூயோர்க்கின் புரூக்ளினில் ஒரு கல்லச்சுக்கூடம். ஆம், உம்மம்மாவின் கிதாபைப் போலக் கல்லச்சுத் தொழில்தான். பெயர் சாக்கெட் அன்ட் வில்ஹெல்ம்ஸ். நிறப் படங்களை ஒரு நிறத்துக்கு ஒரு முறையாக அடிப்பார்கள். கோடை ஈரத்தில் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். சிவப்பு விழுந்த இடத்தில் நீலம் விழாது. அடித்ததெல்லாம் குப்பை. பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பனியில் வேலை செய்த 25 வயது இளைஞர் வில்லிஸ் கரியரிடம் இந்தப் பிரச்சினை வந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் விசிறியால் காற்றைத் தள்ளும் திட்டத்தை அவர் வரைந்தார். இலக்கு, வருடம் முழுக்க 55 வீத சாரீரப்பதன். இன்று நாம் ஏசி என்று சொல்வதன் தொடக்கம் இது. மனிதருக்குக் குளிர் தருவதற்காக அல்ல, காகிதத்தைக் காயவைப்பதற்காக!

அதே வருடக் கடைசியில் பிட்ஸ்பேர்க் ரயில் நிலையத்தில் பனிமூட்டத்தைப் பார்த்தபடி நின்றபோது அவருக்கு அடுத்த யோசனை வந்தது. பனிமூட்டம் என்றால் நீராவி நிறைந்த காற்று. அதன் வெப்பநிலை தெரிந்தால் அதிலுள்ள நீரின் அளவும் தெரியும். அப்படியானால் குளிர்ந்த தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, வேண்டிய வெப்பநிலையில் பனிமூட்டத்தை நாமே உண்டாக்கலாம். மேலதிக நீராவி அந்தக் குளிர்ந்த துளிகளில் படிந்துவிடும். தண்ணீர் தெளித்துக் காற்றைக் காயவைப்பது! 1906 இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1911 இல் ஈரக் காற்றைக் கணக்கிடும் சூத்திரங்களை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்தார். இன்றும் பொறியியல் மாணவர்கள் படிப்பது அந்த வழியில் வந்த வரைபடத்தைத்தான்.

பிறகு யாருக்கெல்லாம் நல்ல காற்று கிடைத்தது என்று பாருங்கள். நூல் அறாமல் இருக்கப் பஞ்சாலைகளுக்குக் கிடைத்தது. அங்கே ஈரத்தைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. 1906 இல் "எயார் கண்டிஷனிங்" என்ற சொல்லை உண்டாக்கிய ஸ்டுவர்ட் கிராமர் பஞ்சாலைப் பொறியியலாளர்தான். 1903 இல் நியூயோர்க் பங்குச் சந்தை மண்டபத்துக்குக் கிடைத்தது. அங்கே மனிதர்கள்தான், ஆனால் காசு புரளும் மனிதர்கள். 1925 இல் நியூயோர்க்கின் ரிவோலி படமாளிகை. நாம் சப்பாத்துப் பெட்டியில் காணும் சிலிக்கா ஜெல் பொட்டலம்கூட, வோல்ட்டர் பற்றிக் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் 1919 இல் காப்புரிமை பெற்ற முறையின் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் பெனிசிலினை ஈரம் படாமல் காக்க அது உதவியது. சாதாரண வீட்டுப் படுக்கையறைக்கு இந்த வசதி பரவலாக வந்தது அந்தப் போருக்குப் பிறகுதான். பெரும்பாலும் சரக்குக்கு முதலில், மனிதருக்குக் கடைசியில்.

இதையெல்லாம் வாசித்து அமெரிக்கக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு இரவு, மகள் பக்கத்து அறையில் இருமினாள். அவளுக்கு இழுப்பு இருக்கிறது. மாரியில் கூடும். மழைக்குக் காயாத உடுப்புகளை நாங்கள் கயிறு கட்டிக் காயப்போட்டது அவள் அறையில்தான். உம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "கிதாபுக்கு மெஷின் வாங்கின. புள்ளக்கி ஒண்டும் இல்லயா மகன்?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. 1902 இல் அவர்கள் செய்ததைத்தான் நானும் என் வீட்டில் செய்திருந்தேன். அந்த இரவே மெஷினை மகளின் அறைக்குத் தள்ளினேன்.

அதன் பிறகு படித்தவற்றை, வாங்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஈரமானி வாங்குங்கள். விலை குறைவு. 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்காக நின்றால் பூஞ்சணம் வரும். 50 முதல் 60 வரை வைத்திருந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பல கம்பனிகள் 30 பாகை, 80 வீதத்தில் அளந்து போடுகின்றன. குளிரான அறையில் அவ்வளவு வராது. அமுக்கி இல்லாத சின்ன மெஷின்கள் அலுமாரிக்குத்தான் சரி, அறைக்குப் போதாது.

10க்கு 12 அடி அறையில், 10 அடி உயரத்தில், 25 பாகையில், 85 வீதத்தை 55 ஆக இறக்க எடுக்க வேண்டிய நீர் கால் லீற்றருக்கும் குறைவு. அப்படியென்றால் என் வாளியில் இரண்டு லீற்றர் எப்படி வந்தது? சுவரிலிருந்தும் உடுப்பிலிருந்தும் திறந்த ஜன்னலிலிருந்தும். மழை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்து இதை ஓடவிடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போல. கறன்ட் கணக்கும் பாருங்கள். 250 வொற் மெஷின் 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 60 அலகு. பில் அடுத்த படிக்குப் போகும். நீர் ஒடுங்கும்போது வெளிவரும் வெப்பமும் அறையில்தான் தங்கும், அறை கொஞ்சம் சூடாகும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வாளியையும் கழுவுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே பாசி பிடிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. மேசன் ஒருவரைக் கொண்டு பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே கான் வெட்டினோம். உடைந்த பீலியை மாற்றினோம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். இப்போது மெஷின் மூன்று மணித்தியாலம் ஓடினால் போதும்.

மகளுக்கு இழுப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்து தொடர்கிறது. இரவில் எழும்பி உட்காருவது குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கிதாபை வெயிலில் போடாமல், தாள்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து மெதுவாகக் காயவிட்டோம். ஒட்டிய 8 தாள்களில் 5 பிரிந்தன. மூன்று இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. பலவந்தமாகப் பிரிக்க மனம் வரவில்லை.

இன்று உங்கள் வீட்டு அலுமாரியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே பிள்ளைகள் படுக்கும் அறைச் சுவரையும்.