சொல்லை எங்கே பகுப்பது? ‘லி’ விகுதியும் ‘ஆக’வும்

தில்லி புசா ரோட்டின் பெயருக்கு ஒரு கதை வழங்கி வருகிறது. ‘பி’ என்பது ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர், எஞ்சியது ‘யுஎஸ்ஏ’, இரண்டும் சேர்ந்து புசா. ஹென்றி ஃபிப்ஸ் கர்சனிடம் அளித்த 30,000 பவுண்டைக் கொண்டு 1905இல் வேளாண் ஆய்வு நிலையம் எழுந்தது உண்மை. 1934 நிலநடுக்கத்திற்குப் பின், 1936இல், அது தில்லிக்குப் பெயர்ந்ததும் உண்மை. ஆனால் நிலையம் முதலில் இருந்த பீகார் ஊரின் பெயரே புசா. கும்பினியின் குதிரைப் பண்ணையை நடத்த வில்லியம் மூர்கிராஃப்ட் 1808இல் வந்து சேர்ந்ததும் அதே ஊருக்குத்தான். பகுப்பு எழுத்துக்குப் பொருந்துகிறது, வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

ஆங்கில வினையடைகளிலும் இவ்வழுக்கல் உண்டு. பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை என்பது பள்ளி விதி. ‘ஸ்லோலி’, ‘குவிக்லி’ வரை அது நிற்கும். ‘ஃப்ரெண்ட்லி’ வந்ததும் தடுமாறும். அது பெயரடை, அதன் பகுதியோ பெயர்ச்சொல். ‘ஃபேமிலி’யில் விகுதியே இல்லை.

விதியின் குறையை வரலாறு விளக்குகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். அச்சொல் தேய்ந்து, ‘இன்ன வடிவுடைய’ என்னும் பொருளில் பெயரடை விகுதியாயிற்று. அதன்மேல் ஓர் எகரம் ஏறினால் வினையடை. இடைக்கால ஆங்கிலத்தில் ஈற்று எகரம் ஒலியிழந்தபோது இரண்டுக்கும் இருந்த வேற்றுமை அழிந்தது. ‘ஃப்ரெண்ட்லி’யும் ‘ஸ்லோலி’யும் ஒரே ஈற்றோடு நிற்பது இதனால்தான். பிரேதம் சற்றே இறக்கி வைக்கப்படும் தேவாலய வாயிலுக்கு ‘லிச்கேட்’ என்ற பெயர் இன்றும் உள்ளது; பழைய உடல் அங்கே மட்டும் உடலாகவே கிடக்கிறது. பிரெஞ்சின் ‘மான்’ விகுதியோ மனத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அசைப் பகுப்பு வேறொரு கணக்கு. பழைய அரிச்சுவடிகள் ‘ஹ-பிட்’ என்று பிரித்ததை நோவா வெப்ஸ்டர் தம் 1783 அரிச்சுவடியில் ‘ஹேப்-இட்’ என மாற்றினார். ஒலிப்பே அவருக்கு அளவுகோல். ஒலிப்பைப் பின்பற்றினால் உருபன் எல்லை சிதையும். ‘பாசிபிள்’ என்பதோடு ‘லி’ சேர்ந்த ‘பாசிப்லி’யில், பகுதியின் ஈறும் விகுதியும் ‘ப்லி’ என்னும் ஒரே அசைக்குள் அடங்கிவிட்டன. ‘பேசிக்லி’ எழுத்தில் நான்கு அசை, பேச்சில் பெரும்பாலும் மூன்றே.

புசா ரோட்டிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே ஆங்கிலமும் தமிழும் கற்கும் மாணவர்க்கு இச்சிக்கல் இருமடங்கு. ‘அழகாக’ என்பது அழகு + ஆக. ‘ஆக’, ‘ஆகு’ என்னும் வினையின் எச்சம். ஆங்கிலம் உடலைத் தேய்த்து விகுதியாக்கிய இடத்தில் தமிழ் ஒரு வினையை அமர்த்தியது. (‘வினையடை’ என்ற வகைப்பாடே நம் மரபிலக்கணத்திற்குப் புதிது, அங்கே இவை பெரும்பாலும் எச்சங்களே.) அலகிட்டால் அழ/கா/க: நிரை, நேர், நேர். ககர மெய் பகுதியைச் சேர்ந்தது, ஆகாரம் விகுதியைச் சேர்ந்தது. எல்லை ‘கா’ என்னும் ஓர் எழுத்தின் உள்ளே விழுகிறது. ஆங்கில அச்சுக்கோப்பாளர் விரும்பினால் விகுதிக்கு முன் சிறுகோடு இட்டு வரியை மடக்கலாம். தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. சீருக்காகச் சொல்லைப் பொருளெல்லை கடந்து பிளப்பதற்கு ‘வகையுளி’ என்று யாப்பு பெயரிட்டது. எழுத்துக்குள்ளேயே மறையும் இந்த எல்லையைக் காட்டுவதற்குப் பகுபத உறுப்பிலக்கணம் புணர்ச்சியைப் பிரித்தே எழுத வேண்டியிருக்கிறது.