உமியும் தவிடும்

திருமறையின் 'அர்ரஹ்மான்' அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளை எண்ணிக் காட்டுமிடத்தில், தானியத்தை அதன் தொலியோடு சேர்த்தே குறிப்பிடுகின்றது. மணியை அருளென்றும் தொலியைக் குப்பையென்றும் பிரித்துக் காண்பது மனிதன் பிற்காலத்தில் பழகிக்கொண்டது. அப்பழக்கம் விளைத்த தீங்கினை நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெற்ற நாள் முதல் சல்லடையைக் கண்டதேயில்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து, ஊதினால் பறப்பது போக எஞ்சியதைப் பிசைந்து உண்டனர் என்றும் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நம் பாட்டிமார் உலக்கையால் நெல் குற்றிய நாளிலும் தவிடு மாட்டுக்கும், உமி அடுப்புக்கும், உமிச்சாம்பல் பாத்திரம் துலக்கவும் சென்றன. எறிவதற்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவின, அரிசி வெளுத்தது. ஜாவாவில் பெரிபெரி நோய் பலரை முடக்கிற்று. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் முடங்கியதையும், தீட்டாத அரிசியால் அவை தேறியதையும் 1890களில் கண்டறிந்தார். ஜாவாவின் சிறைகளை ஆராய்ந்த வோர்டர்மன், கைதிகளிடமும் அதே வேறுபாட்டைக் கண்டார். தவிட்டோடு ஒரு சத்தும் போய்விடுகிறது என்று 1901இல் விளக்கியவர் கிரைன்ஸ். அதுவே பின்னர்த் தயமின் எனப் பெயர் பெற்றது. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

தவிட்டை இழந்ததால் உடல் நலிந்தது. உமியை எறிந்ததால் ஊர் நலிந்தது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். குவித்த உமியைத் திறந்த வெளியில் கொளுத்தினால் புகை மார்பை அடைக்கும், பறக்கும் சாம்பல் கண்ணை உறுத்தும், வாய்க்காலிலும் படியும். எனினும் அச்சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் சிலிக்கா உண்டு. அளவான வெப்பத்தில் எரித்த உமிச்சாம்பல் சிமெண்டோடு சேர்ந்து உறுதி தரும் என்பதை 1970களில் பேராசிரியர் பி.கே. மேத்தா ஆராய்ந்து காட்டினார். ஆலையின் கொதிகலனில் எரியும் உமி, நெல்லை அவிக்கவும் உதவுகின்றது. தவிட்டையோ அரைத்த உடனே ஆவியில் பதப்படுத்தினால், காறிப் போகாமல் நல்ல எண்ணெய் தரும்.

வீண்விரயத்தைத் திருமறை கண்டிக்கின்றது. சோற்றுப் பருக்கை சிந்தினால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் நாம், அப்பருக்கையைப் பொதிந்து காத்த தொலிக்கும் கணக்குண்டு என்பதை மறந்துவிடலாகாது.