பிரேக் டிரம்முக்குள் ஒரு பிடி தூசி

இலக்கியம் பேசவேண்டிய இடத்தில் காரின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கிறோம், வாசகர்கள் பொறுத்தருள்க. நம் நண்பர் குழாத்தில் ஒருவருடைய கார் வயதானது. மேட்டில் நிறுத்தினால், ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தும் மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கிற்று. ஒரு ஞாயிறன்று முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மீது அமர்த்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பின்சக்கர டிரம்மை இழுத்தோம். வரவில்லை. பல்லாண்டுத் தேய்மானத்தால் டிரம்மின் உள்விளிம்பில் ஒரு வரம்பு எழும்பி ஷூக்களைப் பற்றிக்கொண்டிருந்தது. பின்தட்டின் சிறுதுளை வழியே ஸ்குரூ டிரைவரை நுழைத்து, அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைத் தளர்த்திய பின்னரே அசைந்தது.

உள்ளே கரிய தூசி. நண்பர், இளமையில் தம் தந்தையார் செய்யக் கண்டவாறே, வாயைக் குவித்து ஊதப் போனார். மற்றொருவர் அவர் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். அந்த இழுப்புக்குக் காரணம் தேடப் போய் விளைந்ததே இக்கட்டுரை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்லிடம் சொல்லாமலே, மகன்கள் இருவருடன் அவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து தீர்ந்தன. வழியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கட்டைகளின்மீது தோல் அறையச் செய்தார். கார் வரலாற்றின் முதல் பிரேக் லைனிங் அதுவே என்பர். முதன்முதல் லைனிங் மாற்றியவர் பொறியாளரல்லர், மெக்கானிக்கும் அல்லர் என்பதில் எமக்கொரு மகிழ்ச்சி.

அடுத்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுப்புறத்தில், குதிரைவண்டிக்காரர்கள் பிரேக் கட்டைமீது பழைய பூட்சுகளை அறைந்து இறக்கங்களைக் கடந்ததைக் கண்டு, 1897இல் சோதனைகளில் இறங்கியவர். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து ‘ஃபெரோடோ’ என்று நிறுவனத்துக்குப் பெயரிட்டார். மோட்டார் வண்டிகளின் வேகம் கூடியபோது பருத்தி லைனிங்குகள் சூடு தாங்காமல் கருகின. 1908இல் ஃப்ரூட் கல்நாருக்கு மாறினார். கல்நார் எரியாது, எளிதில் அறாது, விலையும் மலிவு. அதனினும் பொருத்தமான பொருள் வேறு இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையே 1902இல் லூயி ரெனோ, ஷூக்களை டிரம்முக்கு உள்ளே வைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பரவலாக இருந்தவை டிரம்மை வெளியிலிருந்து சுற்றிப் பிடிக்கும் பட்டைகள். சேறும் மழையும் அவற்றை வழுக்கச் செய்யும். உள்ளே புகுந்த ஷூக்களுக்கு அத்தொல்லை குறைந்தது. சுழலும் டிரம்மே முன்னுள்ள ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்வதால், காலின் உழைப்பும் குறைந்தது. ஆனால் சேற்றை வெளியே நிறுத்திய அதே மூடி, தூசியை உள்ளே சேமித்தது. திறப்பவர் முகத்துக்கு நேரே திறக்கும் பெட்டியாயிற்று அது.

திறப்பதோ ஓயாத வேலை. கம்பிகளாலும் கேபிள்களாலும் இயங்கிய பிரேக்குகளில் நான்கு சக்கரங்களையும் ஒரே அளவில் பிடிக்கவைப்பது பெரும்பாடு. ஒன்று முந்தினால் வண்டி ஒருபுறம் இழுக்கும். மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் முறை அக்குறையைத் தீர்த்தது. 1921இல் டூசன்பெர்க் கார்களில் அது நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. ஃபோர்டோ பிடிவாதமாகக் காத்திருந்து 1939ஆம் ஆண்டு மாடலில்தான் ஏற்றது. எனினும் எண்ணெயால் அழுத்தத்தைச் சமன்செய்ய முடிந்ததே தவிர, தேய்மானத்தை நிறுத்த முடியவில்லை. லைனிங் தேயத் தேய, இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர்கள் பரவ இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய காலம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பட்டறைகளில், எத்தனை வீட்டு வாசல்களில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டு ஊதப்பட்டிருக்கும்!

கல்நாரின் தீங்கு மறைவாகவும் இல்லை. ராச்டேல் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா 1924இல் நுரையீரல் நோயால் மாண்டார். மருத்துவ ஏடுகள் அம்மரணத்தைப் பதிவு செய்தன. 1931இல் பிரிட்டன் விதிகள் இயற்றியது. அவை கல்நாரைக் கையாளும் ஆலைகளைக் கருதியவை. அந்த ஆலைகளின் சரக்கு லைனிங்காகித் தேய்ந்து, தூசியாகி, ஒரு தந்தையின் மூச்சுக்கெதிரே பறப்பதை விதி காணவில்லை. பிரேக் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது என்று தொழில்துறை வாதிட்டது. அது உண்மையே. ஆயினும் எஞ்சும் பகுதி நார்தான். புதிய ஷூவை டிரம்முக்குப் பொருந்தத் தேய்க்கையில் பறப்பதோ சூடே காணாத நார். பாதி உண்மையின் நிழலில் பல பத்தாண்டுகள் கழிந்தன என்பதே எம் துணிபு. பிரிட்டனில் முழுத்தடை 1999இல் வந்தது. அமெரிக்காவில் 1989இல் விதித்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் நீக்கியது. 2024இல்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை மீண்டது, கடைகளில் விற்கும் பிரேக் லைனிங் உட்பட.

டிஸ்க் பிரேக்கின் கதை தனியே எழுதத்தக்கது. 1953இல் ஜாகுவார் அதைக்கொண்டு லெ மான் பந்தயத்தை வென்றது. 1955இல் சித்ரோயன் டி.எஸ். அதை முன்சக்கரங்களில் பூட்டி விற்பனைக்கு வந்தது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாய்வதால், குறைந்த உழைப்புள்ள பின்சக்கரங்களில் டிரம் தங்கிவிட்டது. ஒரு கேபிளும் நெம்புகோலும் சேர்ந்தால் ஹேண்ட் பிரேக் ஆகிவிடும் எளிமையும் அதற்குத் துணைநின்றது. மின்சார காரான ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3-இலும் பின்னால் டிரம்தான்.

நிற்க. எம் தூசியில் கல்நார் இருந்ததா என்று கண்ணால் கண்டறிய வழியில்லை. ஆகவே இருப்பதாகவே கொண்டோம். காற்றடிக்காமல், உலர்ந்த தூரிகை போடாமல், நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பாலிதீன் பையிலிட்டுக் கட்டினோம். ஸ்பிரிங்குகள் எது எங்கே என்று மறந்தபோது, இன்னும் பிரிக்காத மறுசக்கரம் பாடநூலாக உதவிற்று. அங்கும் ஷூக்களை மாற்றினோம். ஓர் அச்சில் ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். டிரம்மைச் சுழற்றினால் மெல்லிய உரசல் கேட்கும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, ஹேண்ட் பிரேக் கேபிளை இறுதியாக முறுக்கினோம்.

மாலையில் அதே மேட்டில் நிறுத்தினோம். வண்டி நின்றது. நண்பர் இறங்காமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பிறகு, தம் தந்தையாருக்குக் கடைசி ஆண்டுகளில் இருந்த இருமலைப் பற்றிச் சொன்னார். அவர் புகைபிடிப்பவர், காரணம் எதுவென்று எவராலும் சொல்ல முடியாது.