தீமை சூழ்ந்த நாளிலும் அணையாத செபம்

நம் சங்கத்தில் பல சமயத்தவரும் உளர். மொழியால் ஒன்றுபட்ட நாம், ஒருவர் முன்னோர் பட்ட பாட்டை மற்றவரும் அறிந்து கொள்ளுதல் நலம் பயக்கும். அக்கருத்தினால், இந்நகரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் விசுவாசத்தையும் செபத்தையும் எவ்வாறு காத்து வந்தனர் என்பதைச் சுருக்கமாக எழுத முற்பட்டோம்.

காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் போரும் கொலையும் வஞ்சகமுமே கண்ணில் படுகின்றன. "இத்தனை தீமை நடக்கும் உலகில் செபம் செய்து என்ன பயன்?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பதில் குற்றமில்லை. வேதாகமத்தில் வரும் யோபு என்னும் நீதிமானும், தனக்கு ஏன் இத்துன்பம் என்று கடவுளையே கேட்டான். தத்துவ நூலார் இதற்குப் பலவாறு விடை கூறுவர். அவ்விடைகளை எடைபோடும் ஆற்றல் நமக்கில்லை. நம்மினும் கொடிய நாட்களைக் கண்ட நம்மவர் அந்நாட்களில் என்ன செய்தனர் என்பதை மட்டும் காண்போம்.

செஞ்சியிலிருந்து வந்தோர்

நம் நீலசந்திராவுக்குச் சில கல் தொலைவில் உள்ளது சிவாஜி நகர். முன்னாளில் அதற்குப் பிளாக்பள்ளி என்று பெயர். வெள்ளை அரிசி விளைந்த ஊராதலின் கன்னடத்தில் 'பிளி அக்கி ஹள்ளி' எனப்பட்டு, பின்னர் அப்பெயர் அவ்வாறு திரிந்தது என்பர். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே குடியேறிக் கூரை வேய்ந்த சிற்றாலயம் ஒன்றை எழுப்பி, அதனைக் காணிக்கை மாதா கோயில் என்று அழைத்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று தூய மரியன்னை பசிலிக்காவாக உயர்ந்து நிற்கும் தேவாலயத்தின் தொடக்கம் அக்கூரைக் கோயிலே.

அக்காலத்தில் குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு முறை வருவதே அரிது. எஞ்சிய நாட்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர், நோயாளியின் அருகிருந்தவர், இறந்தோரை அடக்கம் செய்தவர் யாவர்? உபதேசியார்களே. தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதியது இத்தகைய உபதேசியார்களுக்காகவே. அவர்களுக்கு அடுத்தபடியாக விசுவாசத்தைக் காத்தவர்கள் வீட்டுத் தாய்மார்கள். எழுத்தறியாத தாயும் பரலோக மந்திரத்தையும் அருள் நிறைந்த மந்திரத்தையும் தன் குழந்தைக்கு வாய்மொழியாகவே பயிற்றினாள்.

குருவானவர் இல்லாத காலம்

இவ்வீட்டுச் செபத்தின் அருமை விரைவிலேயே விளங்கிற்று. 1773-ஆம் ஆண்டில் பாப்பரசர் 14-ஆம் கிளமெந்து சேசு சபையைக் கலைத்தார். தமிழகத்திலும் மைசூரிலும் அச்சபையார் நடத்திய வேதபோதகப் பணி தளர்ந்தது. பாரிஸ் வேதபோதக சபையார் அதனை ஏற்றுக் கொண்டனர். ஆனால் 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டமையால் அங்கிருந்து குருக்கள் வருவதும் குறைந்தது. இதற்கிடையே மைசூருக்கும் ஆங்கிலேயருக்கும் அடுத்தடுத்துப் போர்கள் நிகழ்ந்தன. ஆங்கிலேயருக்கு உதவினர் என்ற ஐயத்தின்பேரில், 1784-இல் மங்களூர்க் கடற்கரைப் பகுதியின் கத்தோலிக்கர் பல்லாயிரவர் திப்பு சுல்தானின் ஆணையால் சீரங்கப்பட்டணத்துக்குச் சிறையாகக் கொண்டு செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர். அரசர்கள் பொருதபோது நடுவில் அகப்பட்டு நசுங்கியவர்கள் எளிய குடிகளே.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன் பின்னர், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேற்ற வந்தவர் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குருவானவர். 1792-இல் இந்தியா வந்த இவர், தமிழ் கற்று, இந்நாட்டார் போல் உடுத்து, இந்நாட்டு உணவையே உண்டு வாழ்ந்தவர். பிளாக்பள்ளிக்கு வந்து திவ்விய பூசை நிறைவேற்றி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிற்றாலயத்தையும் அமைத்தார். பிற்காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த இந்தியக் குருவான அந்திரேயாஸ் சுவாமியார் அதனை விரிவாக்கினார்.

துபுவா சுவாமியார் செபத்தோடு நின்றவரல்லர். அந்நாளில் பெரியம்மை ஊர் ஊராகக் குழந்தைகளை வாரிக் கொண்டு போயிற்று. ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796-இல் கண்ட அம்மைப்பால் குத்தும் முறை இந்தியாவுக்கு வந்திருந்தும் மக்கள் அஞ்சினர். சுவாமியார் மைசூர் நாட்டில் ஊர்களுக்குச் சென்று மக்களுக்கு எடுத்துரைத்தார். 1803, 1804 ஆகிய ஆண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்டோர் அவர் முயற்சியால் அம்மை குத்திக் கொண்டனர் என்று குறிக்கப்பட்டுள்ளது. தீமையினின்று மீட்கும்படி இறைவனைக் கேட்ட அதே வாய், ஊசிக்கு அஞ்ச வேண்டாம் என்று தாய்மாரிடமும் கூறிற்று.

அறிஞர் சோர்ந்தார், எளியோர் சோரவில்லை

ஆயினும் இப்பெரியார் சோர்வுற்றே இந்நாட்டை விட்டுச் சென்றார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் உழைத்த பின், 1823-ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பிய அவர், இந்தியாவில் கிறிஸ்தவ வேதத்தின் நிலை பற்றி எழுதிய கடிதங்களை நூலாக வெளியிட்டார். அன்றைய நிலையில் இந்நாட்டில் கிறிஸ்தவ வேதம் வேரூன்றுவதற்கு இடமே இல்லை என்பது அந்நூலில் அவர் கொண்ட முடிவு. போரையும் பஞ்சத்தையும் கொள்ளை நோயையும், சில வேளைகளில் தம் சபையாரின் உறுதியின்மையையும் நேரிற் கண்டவர் அவர். அவரைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை.

ஆனால் அவர் விட்டுச் சென்ற பிளாக்பள்ளி மக்கள் செபத்தை விடவில்லை. 1809-இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, தண்டு என்று நம்மவர் வழங்கும் கண்டோன்மெண்டு உருவாயிற்று. சென்னைப் படையைச் சேர்ந்த சிப்பாய்களும், கொத்தரும், வணிகரும், வீட்டு வேலையாட்களுமாகத் தமிழ் மக்கள் இங்கே வந்து நிறைந்தனர். கத்தோலிக்கர் மட்டுமன்றிப் புரொடெஸ்டாண்டுத் தமிழர்களும் தண்டில் தமக்கெனச் சபைகளை நிறுவித் தமிழிலேயே ஆராதனை செய்தனர்.

1832-இல் இப்பகுதியில் மதக் கலவரம் மூண்டது. பிளாக்பள்ளித் தேவாலயம் சேதமுற்றது. அதனைக் காக்கப் படைவீரர் வர வேண்டியதாயிற்று. பழைய புண்ணைக் கீறுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. கலவரம் ஓய்ந்த பின் அதே தெருக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அண்டை அயலாராகவே வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவே குறிப்பிட்டோம். பின்னர் கிளைனர் சுவாமியாரின் முயற்சியால் கோத்திக் முறையில் எழுந்த புதிய ஆலயம், 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் மேற்றிராணியார் கோடு ஆண்டகையால் அபிஷேகம் செய்யப்பட்டது. 1973-இல் பாப்பரசர் 6-ஆம் சின்னப்பர் அதனைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். வேரூன்றாது என்று அறிஞர் ஒருவர் எழுதிய விசுவாசத்தின் விழாவுக்கு, இன்று செப்டம்பர் 8-இல் எல்லாச் சமயத்தாரும் திரள்கின்றனர். சேலை உடுத்திய அன்னையின் முன் மெழுகுதிரி ஏற்றும் கைகள் எந்தச் சமயத்தின் கைகள் என்று யாரும் கேட்பதில்லை.

பிளேக் வந்த ஆண்டு

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மற்றொரு சோதனை வந்தது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், ஹூப்ளி வழியாக இரயிலில் பெங்களூரை வந்தடைந்தது. நோய்க் கிருமியை 1894-இலேயே எர்சின் என்பார் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். எலித் தெள்ளின் வழியாக அது பரவுவதைச் சிமோந்த் என்பார் 1898-இல் கூறியபோதோ, உலகம் உடனே நம்பவில்லை. எனவே நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த தண்டுத் தமிழர்களுக்கு எதற்கு அஞ்சுவது என்றே விளங்கவில்லை. அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனையிட்டனர். நோயாளிகள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிரிவுக்கு அஞ்சி நோயை மறைத்தவர்களும், ஊரை விட்டு ஓடியவர்களும் உண்டு.

அந்நாட்களில் மாதா கோயிலில் செபமாலை எழுந்தது போலவே, நகரின் பல மூலைகளில் பிளேக் அம்மனுக்கும் கோயில்கள் எழுந்தன. அஞ்சிய மனிதர் யாவரும் தத்தம் வழியில் இறைவனை நோக்கிக் கைகூப்பினர். அதே வேளையில் மருந்தும் தொண்டும் தேவைப்பட்டன. 1854-இல் பெங்களூருக்கு வந்த நல்லாயன் சபைக் கன்னியர் 1886-இல் தொடங்கிய தூய மார்த்தாள் மருத்துவமனை இந்நகருக்கு அதற்கு முன்னரே வாய்த்திருந்தது. மார்த்தாள் என்பவள் சுவிசேஷத்தில் ஆண்டவருக்கு விருந்து சமைக்க ஓடியாடி உழைத்தவள். நோயாளிகளைப் பேணும் இடத்துக்கு அவள் பெயர் பொருத்தமே. பிளேக் ஓய்ந்த பின், காற்றும் வெளிச்சமும் புகும்படி எலி அண்டாத வீடுகளுடன் பிரேசர் டவுன் என்னும் புதுக் குடியிருப்பு உருவாயிற்று.

உள்ளேயும் இருந்த தீமை

தீமை எப்போதும் புறத்திலிருந்தே வந்தது என்று எழுதினால் உண்மைக்கு மாறாகும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய தேவாலயம், சாதி வேற்றுமை பாராட்டியோர் தனித்தனியே அமரும்படி இரு கைகளாகப் பிரிக்கப்பட்டு, நடுவே சுவரும் வைக்கப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கி ஒரே செபத்தைச் சொல்லியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்தனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனை எதிர்த்தோர் வழக்குத் தொடுத்தனர். சுவர் வைத்தவர்களும் அதனை இடித்தவர்களும் செபித்தவர்களே என்பதை நாம் மறத்தலாகாது. ஆண்டவர் கற்பித்த பரலோக மந்திரத்தின் முடிவில் வரும் மன்றாட்டு, 'என்னை' என்று கேட்கவில்லை, 'எங்களை' என்றே கேட்கிறது. அயலானை அந்த 'எங்களுள்' சேர்க்காதவன் செபத்தைப் பாதியிலேயே நிறுத்தி விடுகிறான்.

செபித்தவர் எல்லாரும் துன்பத்தினின்று தப்பினர் என்றும் வரலாறு கூறவில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கை மட்டக்களப்பில் தமிழர் தொழும் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். அப்பிள்ளைகளின் பெற்றோரிடம் எந்த விளக்கத்தைக் கொண்டு போவது? அவர்களோடு சேர்ந்து அழுவதும், அவர்கள் பெயரால் செபிப்பதுமே நம்மால் இயல்வன. அச்சபையார் அதன் பின்னரும் கூடித் தொழுவதை விடவில்லை.

நம் குடியிருப்பில்

இனி நம் அருகிலேயே பார்ப்போம். நம்மை அடுத்த விவேக் நகரில் 1971-இல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய குழந்தை இயேசு ஆலயம், இன்று வியாழக்கிழமைதோறும் பல மொழியினரும் பல சமயத்தினரும் வந்து மன்றாடும் இடமாயிற்று. பிளாக்பள்ளியில் கூரையின் கீழ்த் தொடங்கியது போலவே இங்கும் துணிக் கூடாரத்தின் கீழ்த் தொடங்கிற்று.

1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரி நீரை முன்னிட்டு இந்நகரில் எழுந்த கலவரத்தை நம்மில் மூத்தோர் மறந்திரார். தமிழர் பலர் உடைமை இழந்தனர், உயிரிழந்தோரும் உளர். அண்டை வீட்டுக் கன்னட மக்கள் அடைக்கலம் அளித்துக் காத்ததும் அதே நாட்களில்தான். முன்னதைச் சொல்லும்போது பின்னதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல், கொரோனாக் கொள்ளை நோயினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஆலயங்களும் கோயில்களும் மசூதிகளும் அடைபட்டன. அவ்வாண்டு ஈஸ்டர் நாளிலும் தேவாலயக் கதவுகள் திறக்கவில்லை. அப்போது செபம், குருவானவர் இல்லாத பழைய நாட்களிற் போல, வீட்டுக்கே திரும்பி வந்தது. தாயும் தந்தையும் சொல்லிக் கொடுத்திருந்த வீடுகளில் அது உடனே எழுந்தது. சொல்லிக் கொடாத வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி அமர வேண்டியதாயிற்று.

வரலாறு நமக்குக் காட்டுவது இதுவே. கட்டடம் சேதமுற்றபோதும், குருவானவர் வராதபோதும், நோயினால் கதவுகள் அடைபட்டபோதும் விசுவாசத்தைத் தாங்கியது வீட்டில் கூடிச் சொன்ன செபம். அதனோடு அம்மை குத்தவும், நோயாளியைத் தூக்கவும், சுவரை இடிக்கவும் நீண்ட கைகளும் இருந்தன. தீமை ஏன் என்ற கேள்விக்கு அம்முன்னோர் விடை எழுதி வைக்கவில்லை. அடுத்த நாள் மாலையிலும் விளக்கேற்றிச் செபித்தனர்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் பேசுகின்றனர். இரண்டும் வேண்டியனவே. ஆனால் பாட்டி அறிந்த தமிழ்ச் செபம் பேரனுக்குத் தெரியாத வீடுகள் பெருகி வருகின்றன. அச்செபங்கள் பல மூத்தோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் உடன் மறையும். ஆகவே கிறிஸ்தவக் குடும்பங்கள் நாளொன்றுக்குக் கால் நாழிகையேனும் ஒருங்கே அமர்ந்து தமிழிற் செபிக்குமாறும், மூத்தோர் மனனம் செய்தவற்றை இளையோர் ஏட்டில் எழுதி வைக்குமாறும் வேண்டுகிறோம். செபத்தின் முடிவில், துன்புறும் அயலார் ஒருவர் பெயரையும் நினைவு கூர்க. மறுநாள் அவர் வீட்டு வாயிலுக்கும் ஒரு முறை சென்று வருக. பிற சமயத்து அன்பர்களும் தத்தம் நெறியில் இவ்வழக்கத்தைப் போற்றுவார்களாக.

எல்லாரும் நலமுற்று வாழ இறைவன் அருள்வாராக! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!