பறவைக் காய்ச்சல் ஆராய்ச்சி

பறவைக் காய்ச்சல் என்பது கோழி, வாத்து முதலான பறவைகளையும், அவற்றின் வழியாகப் பூனை, புலி, பசு, மனிதன் ஆகிய ஜீவன்களையும் பற்றக்கூடிய இன்ஃபுளுவென்சா நோயாகும். அதைப் பற்றிய ஆராய்ச்சி, கோழிக் கூண்டோடு தொடங்கி நெடுங்காலம் அதற்குள்ளேயே அடைபட்டிருந்து, பின்பே ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்த வரலாறுடையது.

இந்நோயைத் தனி வியாதியாக 1878இல் முதன்முதலில் விவரித்தவர் இத்தாலியரான எதுவார்தோ பெரோன்சித்தோ. அக்காலத்தில் ஐரோப்பாவில் கோழிக் காலரா என்னும் மற்றொரு கொள்ளைநோயும் பரவியிருந்தபடியால் இரண்டையும் ஒன்றென மயங்கியவர் பலர். அந்தக் காலராவை ஆராய்ந்து தடுப்பு முறை கண்டவர் லூயி பாஸ்டர். 1901இல் சென்டன்னி, சவோனுச்சி என்னும் இருவர், பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளே கோழிக்கொள்ளை எனப்பட்ட இந்நோய்க்குக் காரணம் என்று நிரூபித்தனர். அதுவும் மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா ஏ வைரசும் ஒரே இனம் என்பதை ஜெர்மானியரான ஷேஃபர் 1955இல் காட்டும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது.

நம் தேசத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தடையாக நின்றது, விந்தையாக, மற்றொரு நோயைப் பற்றிய பரிச்சயமே. கிராமத்தார் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோயைக் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்ட எட்வர்ட்ஸ் 1927இல் அதை விவரித்தார். காஞ்சிபுரத்திற்கு மேற்கே ராணிப்பேட்டையில் 1932இல் ஏற்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அந்நோய்க்கான தடுப்பூசியைத் தயாரித்து ஊரூராக அனுப்பி வந்தது. இதன் பயனாகக் கழிச்சல் ஓரளவு அடங்கியது. ஆயினும் கோழிகள் கூட்டமாக மடிந்தால் அது கழிச்சலே என்று தீர்மானித்துவிடும் வழக்கமும் வேரூன்றியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகள் மடிந்தபோதும் முதலில் எழுந்த அபிப்பிராயம் அதுவே. போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று அறிவித்த பிறகே, இந்தியாவில் இக்காய்ச்சல் புகுந்தது உறுதியாயிற்று.

அதற்கு முன்பே வெளிநாடுகளில் ஆராய்ச்சியின் நோக்கு காட்டுப் பறவைகள் பக்கம் மாறியிருந்தது. 1961இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலாக்கள் இவ்வின வைரசால் மடிந்தன; 1970களில் காட்டு வாத்துகளின் எச்சத்திலிருந்தே வைரசைப் பிரித்தெடுத்தனர். இவ்வைரசின் எச் என்னும் புரதத்தில் பறவைகளிடம் மட்டும் குறைந்தது பதினாறு வகைகள் உண்டென்பதும், அவற்றில் எச்5, எச்7 ஆகிய இரண்டுமே கோழிகளிடம் கொடிய ரூபம் எடுக்கின்றன என்பதும், அப்புரதம் பிளவுபடும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்வதே அக்கொடுமைக்கு மூலம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. குடலோடும் சுவாசக்குழாயோடும் நின்றுவிட வேண்டிய வைரஸ், அந்தச் சிறு மாறுதலால் உடம்பின் எல்லா அவயவங்களிலும் பெருகத் தொடங்குகிறது.

1996இல் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வாத்தினத்திடம் கண்ட எச்5என்1, மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி அவர்களில் 6 பேரைக் கொன்றது. 2005இல் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடியவே, வலசைப் பறவைகளே குற்றவாளிகள் என்ற கூக்குரல் எழுந்தது. இக்கேள்வி இந்தியாவுக்குப் புதிதன்று. பறவைகள் வைரசைச் சுமந்து தேசம் தாண்டுகின்றனவா என்று அறியும் பொருட்டே 1959இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன் பறவையியலறிஞர் சாலிம் அலி பறவைகளுக்கு வளையமிடும் பணியைத் தொடங்கினார். வளையங்கள் பாதையைக் காட்டும். ஆனால் கோழிக்குஞ்சு வண்டிகளும் முட்டை அட்டைகளும் எவ்வழியே சென்றன என்பதைக் காட்டுவதில்லை. நோய் வியாபாரப் பாதையிலும் நடக்கிறது என்பதைக் கவனியாமல் பறவையை மட்டும் பழிப்பது நியாயமாகாது.

2019வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய வேடந்தாங்கல் பறவைச் சரணாலயம், இவ்விவாதத்தை நேரில் எண்ணிப் பார்க்கத் தகுந்த இடம். நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் எச்சமிட்ட ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அனுபவத்தில் கண்ட குடியானவர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவற்றைச் சுடலாகாதென்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேசிடம் கவுல் என்னும் எழுத்துறுதி பெற்றனர். அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது. நன்மை தரும் அதே எச்சம் நோயையும் தரக்கூடும். மாரிக்காலத்தில் கிளுவையும் ஊசிவால் வாத்தும் இறங்கும் ஏரிகளின் ஆயக்கட்டில், அறுவடையானபின் வாத்து மேய்ப்பவர்கள் பட்டி பட்டியாக வந்து மேய்க்கின்றனர். ஊர்க்கோழிகளும் அதே வரப்பில் கிளறுகின்றன. ஆயினும் இவ்வைரஸ் 0 பாகை வெப்பமுள்ள நீரில் 30 நாட்களுக்கு மேலும், 22 பாகையில் 4 நாட்களே உயிர்த்திருப்பதாகச் சோதனைகள் கூறுவதால், நமது வெயில் ஓரளவு காவலாகிறது என்று கருத இடமுண்டு. அக்காவலை முழுதும் நம்பலாகாதென்பதற்கு, 2014இல் கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகள் பெருவாரியாக மடிந்ததே சான்று.

பிற விலங்குகளின் கதை தாய்லாந்தில் திடுக்கிட வைத்தது. 2004இல் ஸ்ரீராச்சா புலிக்காட்சிச் சாலையில், நோயுற்ற கோழிகளின் மாமிசத்தைத் தின்ற புலிகள் டஜன் கணக்கில் மடிந்தன. 2024 டிசம்பரில் நாகபுரியை அடுத்த கோரேவாடாவில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1க்கு இரையாயின. போபால் ஆய்வகமே இதையும் உறுதி செய்தது. அதே 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கறவைப் பசுக்களிடம் இவ்வைரஸ் கண்டறியப்பட்டு, பாலிலும் காணப்பட்டமை விஞ்ஞானிகளே எதிர்பாராதது.

தடுப்பூசி விஷயத்தில் ஒருமித்த முடிவு இல்லை. சீனம் கோழிகளுக்குப் பல ஆண்டுகளாக ஊசி போட்டு வருகிறது. பிரான்சு 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. ஊசி போட்ட பறவை நோய்க்குறி காட்டாமலே வைரசைப் பரப்பக்கூடும் என்பது எதிர்தரப்பார் கூறும் காரணம். இந்தியா, நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழித்து, 10 கிலோமீட்டர்வரை கண்காணிக்கும் முறையைக் கைக்கொள்கிறது. வீரியம் குன்றிய எச்9என்2 வகைக்கு மட்டும் போபால் ஆய்வகத்தாரே ஒரு தடுப்பூசி உருவாக்கியுள்ளனர்.