காஞ்சியும் கப்பலின் அடிப்புறமும்

காஞ்சிபுரத்திற்கு மிக அண்மையிலுள்ள பழந்துறையாகிய மாமல்லபுரம் சாலைவழியே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆயினும் இந்நகரின் வரலாற்றைக் கடலினின்றும் பிரித்தெழுதுதல் இயலாது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையில் நின்ற மரக்கலங்களைக் காட்டுகின்றது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டோ அவனிநாரணம் என்னும் குளத்தைக் குறிக்கின்றது. அது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயரால் அமைந்தது என்பர் அறிஞர். இவையெல்லாம் கப்பல் சென்ற வரலாறு. சென்ற கப்பல் கரையில் கிடந்து அடிப்புறம் செப்பனிடப்பெற்ற வரலாற்றை எழுதுவார் அரியர்.

மரத்திற்கும் நீருக்கும் உள்ள உறவைக் காஞ்சி மக்கள் நன்கறிவர். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்துள் நாற்பது ஆண்டுகள் உறையும் அத்திமரத் திருமேனி 1979ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் வெளிக்கொணரப்பெற்றது. அது நன்னீர். வெப்பமண்டலக் கடல்நீரின் இயல்பே வேறு. அந்நீரில் வாழும் மரந்துளைக்கும் புழு பலகையின் மேற்புறத்தில் ஊசிமுனை அளவே வழி செய்துகொண்டு உள்ளே முழுவதையும் குடைந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கொட்டலசும் பாசியும் அடியில் அப்பிக்கொண்டு கலத்தின் விரைவைக் குறைக்கும். எனவே ஆண்டுக்கொரு முறையேனும் கலத்தைக் கரையேற்றிச் சுரண்டியாதல் வேண்டும். அல்லது ஆழமில்லாத அமைதியான நீரில் ஒருபுறமாகச் சாய்த்து அடியை வெளிப்படுத்தியாதல் வேண்டும். அதன்பின் பலகை இடுக்குகளில் பஞ்சையும் கயிற்று நாரையும் அடித்துச் செருகுவர். இத்தொழிலைக் குறிக்கும் கலப்பற்று என்னும் சொல் போர்த்துக்கேய மொழியோடு தொடர்புடையது. தொழிலோ அம்மொழியினர் வருமுன்பே இங்கிருந்தது. சுண்ணாம்பை எண்ணெயுடனோ கொழுப்புடனோ குழைத்து அடியிற் பூசுதல் இந்தியப் பெருங்கடலெங்கும் வழங்கிய முறை. ஆங்கிலக் கடற்படை 1761ஆம் ஆண்டில் 'அலார்ம்' என்னும் கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்து பார்த்தது. செம்பு புழுவையும் பாசியையும் ஒருங்கே தடுத்தது.

சோழமண்டலக் கரையின் குறை இங்கேதான் தோன்றுகின்றது. அலை ஓயாது புரளும் திறந்த கரை இது. பெருங்கப்பலைச் சாய்க்கத்தக்க ஒதுக்கிடம் இல்லை. கல்கத்தாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே பெரிய கப்பல்களைச் செப்பனிடத்தக்க துறை கோதாவரி முகத்திலிருந்த கோரங்கி ஒன்றே. அதுவும் 1839ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. போர்க்கப்பல்களுக்கேற்ற உலர்துறை 1750ஆம் ஆண்டு முதல் பம்பாயில் இருந்தது. சென்னையிலிருந்து அங்குச் செல்லத் தீபகற்பத்தையே சுற்றியாக வேண்டும்.

இக்குறைக்குக் காஞ்சி வட்டாரம் கொடுத்த விலை சிறிதன்று. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அண்மையிலுள்ள புல்லலூரில் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் அழித்தனர். காஞ்சியிலிருந்த மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நாடு பாழாயிற்று, உழவு நின்றது, ஊர்விட்டு ஓடியவர் சென்னையில் குவிந்தனர். அந்நகருக்கு அரிசி கடல்வழியாகவே வந்தாக வேண்டியிருந்தது. கடலைக் காத்தவர் ஹியூசு. எதிர்த்தவர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென். 1782ஆம் ஆண்டில் மட்டும் இருவரும் நான்கு முறை மோதினர்; முதற்போர் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நிகழ்ந்தது. ஆகஸ்டு இறுதியில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. சிதைந்த கப்பல்களைச் செப்பனிட ஹியூசுக்குப் பம்பாயன்றி வேறிடம் இல்லை. ஆளுநர் மெக்கார்ட்னி எவ்வளவோ தடுத்தும் அக்டோபர் நடுவில் அவர் புறப்பட்டார். அதே நாள்களில் வீசிய புயல் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கலங்களைச் சிதைத்தது. பஞ்சத்தில் மக்கள் தெருவில் மாண்டனர். ஹியூசு திரும்பியது மறு ஆண்டு ஏப்ரலில். அவரைக் கோழை என்று பழித்தல் எளிது. ஒழுகும் கப்பலுடன் வடகிழக்குப் பருவக்காற்றை எதிர்கொண்டிருந்தால் அந்தப் படையும் எஞ்சியிராது. திருகோணமலையைத் தக்க காலத்தில் காவாது விட்டதே அவர்மீது சாட்டத்தக்க குற்றம்.

பெருங்கப்பலுக்குக் கிட்டாத வசதி பரதவரின் சிறுமரங்களுக்கு என்றும் இருந்தது என்பது வியப்பே. கட்டுமரத்தின் கட்டவிழ்த்தால் அது சில மரத்துண்டுகள். கரைக்கு இழுத்துப் பிரித்து வெயிலிற் காயவைத்தால் ஊறிய நீர் வற்றிவிடும், புழுவும் வாழாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகிலோ ஆணியே இல்லை. தையல் நைந்தால் பிரித்து மீண்டும் தைத்தனர். ஒதுக்கிடமற்ற கரையில் வாழ்ந்தவர்கள் தோளில் சுமக்கவும் மணலில் இழுக்கவும் இயன்ற கலத்தையே அமைத்துக்கொண்டனர். 

இன்று மாமல்லபுரம், கோவளம் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. இக்கரையூர்கள் 2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரிந்து செங்கல்பட்டு மாவட்டத்திற் சேர்ந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நிலவுகின்றது. விசைப்படகுகளைக் கரையேற்றி, அடியைச் சுரண்டிச் சாயம் பூசும் காலமும் அதுவே. அச்சாயங்களுட் பலவற்றின் செந்நிறத்திற்குக் காரணம் அவற்றிலுள்ள செப்புச் சேர்மம்.