அறுந்து போன அடையாற்று வழி

"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுப்பா" என்று நண்பர்கள் கேட்டார்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நம் கல்லூரி 1920-ல் கிண்டிக்கு வந்து சேர்ந்த கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் வளாகத்துக்கு வடக்கே ஓடும் அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு வழி உண்டான கதையையும், அது அறுந்த கதையையும் எழுதுகிறேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு பெசன்ட் நகர் போய் 'உடைந்த பாலம்' பார்க்காத விடுதி மாணவர் நம்மில் குறைவுதானே!

ஆற்றைக் கடக்கும் கவலை சென்னைக்குப் பழையது. 1726-ல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைச் சொந்தப் பணத்தில் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அமைத்தார். மனுஷன் அதோடு நிற்கவில்லை. பின்னால் பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு தொகையும் வைத்துவிட்டுப் போனார். கட்டுகிற செலவு வேறு, காப்பாற்றுகிற செலவு வேறு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

அடையாறு பக்கம் 1840-ல் எல்பின்ஸ்டன் பாலம் வந்தது. 1973-ல் அதன் வேலையைத் திரு.வி.க. பாலம் ஏற்றுக்கொண்டது. இரண்டுமே கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவை. வடகரையில் சீனிவாசபுரம், தென்கரையில் ஊரூர் குப்பம். அக்கரை கண்ணுக்கு எதிரே தெரியும்; ஆனால் தரை வழியாகப் போனால் பல கிலோமீட்டர் சுற்று. இந்தக் குறை தீர, மீனவர்கள் ஆற்றைக் கடப்பதற்காக 1967-ல் முகத்துவாரத்தில் ஒரு குறுகலான பாலம் கட்டப்பட்டது. 1977-ல் நீரோட்ட வேகத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பத்தே வருஷம்!

முகத்துவாரம் என்பது ஓர் இடத்தில் நிற்காத இடம். நம் கடற்கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் வாயில் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு ஓடும். வேகமாக வரும் தண்ணீர் பாலத்தூணில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பி, சுழன்று, அடிமண்ணைத் தோண்டி எடுக்கும். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் 'ஸ்கவர்' என்று படித்தோமே, அதுதான். இந்த ஆறு எப்படிச் சீறும் என்பதை 2015 டிசம்பரில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நேரில் கண்டன.

இடிந்ததில் ஆச்சரியமில்லை. திருப்பிக் கட்டாமல் விட்டதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். வண்டி வைத்திருந்தவர்களுக்குத் திரு.வி.க. பாலம் நாலு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான் வழி அறுந்தது. அப்புறம் அந்தப் பாலம் சினிமாப் படப்பிடிப்புக்கும் போட்டோவுக்கும் பின்னணி ஆகிவிட்டது. கடலோரமாக இணைப்பு வேண்டும் என்ற பேச்சு திரும்ப எழுந்தபோது அது வேறு உருவில் வந்தது. 2000-களின் இறுதியில் பேசப்பட்டது, கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை மோட்டார் வண்டிகளுக்கான மேம்பாலச் சாலை. மீனவக் குப்பங்கள் கடுமையாக எதிர்த்தன, திட்டம் நடக்கவில்லை. கால்நடையாகக் கடக்க 1967-ல் உண்டான வழி, கார் கடப்பதற்கான வழியாகத்தான் திரும்பி வர வேண்டுமா என்பது என் கேள்வி.

ஏனென்றால் இந்த மணற்கரையில் இன்றும் பலருக்குப் பங்கு இருக்கிறது. மீனவர் வலை காயப்போடுகிறார். காலையில் நடப்பவர், ஓடுபவர், சைக்கிள் ஓட்டுபவர் வருகிறார்கள். ஆமை முட்டையிடும் பருவத்தில், 1988-ல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையோரமாக நடக்கிறார்கள். கூட்டம் கூடினால் பாதை தேயும். மேட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடி. ஆளுக்கொரு குறுக்குவழி போட்டு அதை மிதித்துவிட்டால் மணல் இளகிக் காற்றோடு போய்விடும். டயர் போட்ட பள்ளத்தில் மழைநீர் ஓடினால் அது வாய்க்காலாகிவிடும். ஆகவே எல்லாரும் ஒரே தடத்தில் போவது, நடப்பவருக்கு ஓடுபவரும் சைக்கிள்காரரும் ஒதுங்கிக் கொடுப்பது, வலை கிடக்கும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று மூன்று பழக்கம் வந்தாலே கரைக்குப் பெரிய உதவி.

இது நடக்காத காரியமா? சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிச் சாலையின் பெரும் பங்கை நடப்பவர்களுக்குத் திருப்பித் தந்தார்கள். பாண்டி பஜாரில் முடிந்தது முகத்துவாரத்தில் முடியாதா? இங்கே என்றைக்காவது பாலம் வந்தால், அது காலுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலமாக இருக்கட்டும். இரண்டு கரைக் குப்பத்தாரையும் கேட்டுவிட்டுக் கட்டட்டும். உஸ்கான் செய்த மாதிரி, பராமரிப்புப் பணத்தையும் முதல் நாளே ஒதுக்கட்டும்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சர்வே வகுப்பின் கருவிகளை எடுத்துக்கொண்டு ஊரூர் குப்பத்துப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அந்தத் தடத்தை மழைக்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். எங்கே அகலம் கூடியது, எங்கே மணல் போனது, எந்த நேரத்தில் யார் யார் போகிறார்கள் என்று குறித்து வையுங்கள். நடக்கிறவருக்கு வழி கேட்கப் போகும்போது கையில் வரைபடம் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும். நிலம் அளக்கத்தானே நம் கல்லூரி பிறந்தது!